குழுக்களை எண்ணியது போதும்

குழு உண்டா? உண்டு. அங்கத்தவர் எத்தனை பேர்? பதினொருவர். அவர்களில் பெண்கள்? ஆறு பேர். வருடத்தில் எத்தனை கூட்டம்? நான்கு. செயலமர்வு? இரண்டு. சுவரொட்டி ஒட்டியாயிற்றா? ஒட்டியாயிற்று.

சிறுவர் பாதுகாப்பு வேலைத்திட்டங்களை மதிப்பீடு செய்ய வருகிறவர்கள் நிரப்பும் படிவம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஹட்டன் கல்வி வலயத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினெட்டு வருடமாக வெண்கட்டி பிடிக்கிறேன். இந்தக் காலத்துக்குள் இப்படி வந்து போனவர்களை நான் கணக்கு வைக்கவில்லை. வாகனம் கீழே தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நிற்கும். மேலே ஏறி வர அவர்களுக்கு மூச்சு வாங்கும். அதிபர் காரியாலயத்தில் பிஸ்கட்டும் தேநீரும். குழுத் தலைவர், செயலாளர், ஒன்றிரண்டு தாய்மார், நன்றாகப் பேசக்கூடிய இரண்டு பிள்ளைகள். ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் இன்னும் முந்தி முடியும். போன தவணை இடாப்பில் இருந்து இந்தத் தவணை இல்லாமற் போன பிள்ளை யார், அவள் இப்போது எங்கே என்று இத்தனை வருடத்தில் ஒருவர் கேட்டதில்லை.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த காலத்தில் கணிப்பீடு வேறு, மதிப்பீடு வேறு என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித் தந்தார்கள். கணிப்பீடு அளந்து பார்க்கும். மதிப்பீடு அளந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லும். அளக்க வேண்டியதை விட்டு, அளக்க இலகுவானதை அளந்தால் தீர்ப்புப் பிழைக்கும் என்பது ஆசிரிய மாணவன் ஒருவனுக்கே விளங்கும் விஷயம். ஜீப்பில் வருகிறவர்களுக்கு மட்டும் அது ஏன் விளங்குவதில்லை?

இலக்கியம் பேசும் சஞ்சிகையில் இவன் ஏன் படிவத்தைப் பற்றிப் பேசுகிறான் என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். காரணம் உண்டு. நமது எழுத்தில் அகதிச் சிறுவர்களுக்கு எப்போதும் இடமிருந்திருக்கிறது. காஸாவின் பிள்ளைக்காகவும், 2017க்குப் பின்னர் கொக்ஸ் பஸார் கூடாரங்களில் கிடக்கும் ரோஹிங்கியாப் பிள்ளைக்காகவும் நாம் கண்ணீர் வடித்திருக்கிறோம். வடிக்க வேண்டியதுதான். ஆனால் ஹட்டன் புகையிரத நிலையத்தில் ஒரு தரகரின் பின்னால் துணிப்பையோடு நின்று கொழும்புக்கு இறங்கும் பிள்ளையைப் பற்றி நாம் எத்தனை வரி எழுதியிருக்கிறோம்? அவள் போய்ச் சேரும் வீடுகளில் நம்முடைய வீடுகளும் இருப்பது காரணமாக இருக்குமோ?

முதலில் வேலைத்திட்டங்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன். யுத்தமோ வெள்ளமோ வந்த இடத்தில் ஊராரைக் கொண்டே ஒரு குழு அமைத்து, அதற்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பை அதன் கையில் விடுவது என்ற வழக்கம் கடந்த முப்பது வருடங்களில் உலகமெங்கும் பரவியது. எண்ணம் நல்லதுதான். இது பலித்ததா என்று பார்க்க 2009இல் மைக் வெசல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், பல சர்வதேச நிறுவனங்கள் சேர்ந்து கேட்டதற்கிணங்க, ஏறக்குறைய 160 மதிப்பீட்டு ஆவணங்களைத் திரட்டிப் படித்தார். படித்து முடித்து அவர் சொன்னது அந்த நிறுவனங்களுக்கே சங்கடமான சேதி. பிள்ளைகளுக்கு உண்மையில் நன்மை கிடைத்தது என்று நிறுவக்கூடிய சான்று மிகச் சொற்பம். பெரும்பாலான அறிக்கைகள் என்னென்ன செய்தோம் என்று சொல்லினவே தவிர, செய்ததால் பிள்ளையின் வாழ்வில் என்ன மாறியது என்று சொல்லவில்லை. ஊர் தன்னுடையதென்று நினைத்த குழு நிலைத்தது. பணத்தோடு வந்த குழு, பணம் போனபோது கூடவே போயிற்று.

சியெரா லியோனில் நடந்ததைக் கேளுங்கள். உள்நாட்டு யுத்தம் முடிந்த அந்த நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊருக்கு ஊர் சிறுவர் நலக் குழுக்கள் அமைக்கப்பட்டன. சில வருடங்கள் கழித்து ஆய்வாளர்கள் கிராமங்களில் தங்கியிருந்து பார்த்தார்கள். பிள்ளைக்கு ஓர் ஆபத்து என்றால் தாய் தன் குடும்பத்துப் பெரியவர்களிடம் போனாள். ஊர்த் தலைவரிடம் போனாள். குழுவிடம் போனவர்கள் அபூர்வம். பிறகு அந்த ஊர் மக்களையே, உங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து எது, எதைத் தடுக்க நீங்களே முன்வருவீர்கள் என்று கேட்டபோது, பள்ளிப் பருவத்துப் பெண் பிள்ளைகள் கர்ப்பமடைவதை என்றார்கள். வேலையைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். இந்தக் கேள்வியை நம் தோட்டங்களில் எவராவது கேட்டதுண்டா? கேட்டால் என்ன விடை வரும் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருப்பதற்குக் காரணமும் அந்த விடைதானோ என்று சில வேளை தோன்றும்.

அகதி முகாம்களின் கதை கொஞ்சம் வேறு. ஆனால் அதையும் இதையும் பிரித்துவைக்க முடியாது. 1977 கலவரத்துக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய், காந்தியம் இயக்கத்தின் குடியேற்றங்களில் குடிசை போட்டவர்கள் எங்கள் தோட்டங்களிலும் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் யுத்தத்தோடு வன்னிக்குள் நகர்ந்தார்கள். சிலர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முட்கம்பிக்குள் அடைபட்ட இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரிலும் அவர்கள் இருந்தார்கள். அகதி வேறு, தோட்டக்காட்டான் வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கே ஒவ்வொரு தலையும் பதிவில் இருந்தது. பதிவின் முதல் நோக்கம் காவல். எண்ணப்படுவதும் காக்கப்படுவதும் ஒன்றல்ல என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம். முகாம்களில் கூடாரம் அடித்து, பந்தும் வண்ணக் குச்சியும் கொடுத்து, 'சிறுவர் நேய வெளி' என்று பெயர் வைப்பார்கள். சுனாமிக்குப் பின்னர் நமது கிழக்குக் கரையிலும் கண்டோம். எதியோப்பியா, உகண்டா, ஜோர்தான் முதலிய நாடுகளில் இத்தகைய கூடாரங்களை வேர்ல்ட் விஷன் நிறுவனமும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்தன. சில இடங்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பயன். சில இடங்களில் பயன் என்று சொல்ல அதிகமில்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. ஆபத்து யாருக்கு அதிகமோ அவர்களுக்குக் கூடாரத்தில் இடமில்லை என்பதுதான் இதில் நான் படிக்கும் பாடம். பதினான்கு வயதுப் பெண் பிள்ளை பந்து விளையாடவா வருவாள்?

இதற்கு எதிர் உதாரணமும் தமிழர் மத்தியிலேயே உண்டு. தமிழ்நாட்டு முகாம்களில் எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நடத்தியவர்கள் அகதிகளே. முகாமில் படித்த பிள்ளை அதே முகாமின் சின்னப் பிள்ளைக்கு மாலை வகுப்பு எடுத்தது. வெளியிலிருந்து பணம் வந்ததுதான். ஆனால் பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் விசாரித்துப் போகிறவர் பக்கத்துக் குடிசையில் இருந்தார்.

நம்மவர்களின் அனுபவத்துக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளத்துத் தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில் போட்டார்கள். அந்தக் கொட்டில்களின் நடுவே ஓதல் பள்ளியும் ஓலைப் பாடசாலையும் எழுந்தன. எந்தப் படிவமும் கேட்காமல் அவை எழுந்தன. இதைப் பெருமையாக எழுதுகிறோம். எழுதலாம். அதே முகாம்களில் படிப்பை நிறுத்தி இளவயதில் விவாகம் செய்துவைக்கப்பட்ட பெண் பிள்ளைகளையும் சேர்த்தல்லவா எழுத வேண்டும்? 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது எதையும் விதிக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்தால் காழியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் சொல்லியது. அதைத் திருத்த 2009இல் அமைத்த குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. ஒன்பது வருடம்! ஒன்பது வயதில் இருந்த பிள்ளை பதினெட்டைத் தொட்டுவிட்டது. நம் வீட்டுக் குழுக்களின் இலட்சணமும் இதுதான்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். வேலைத்திட்டங்கள் இங்கே தோற்பதற்குப் பெற்றோரின் விழிப்புணர்வுக் குறைவைக் காரணமாக எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் கண்ணால் கண்ட மூன்று அறிக்கைகளில் ஏறத்தாழ ஒரே வாசகம். விழிப்புணர்வா? கொழுந்து மலையில் காலையில் ஏறி அந்திக்கு இறங்கும் தாய்க்குத் தன் மகளுக்கு என்ன ஆபத்து என்று கொழும்பிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டுமா? 1000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் ஏறவே 2021 மார்ச் ஆகியது. அந்தச் சம்பளத்துக்கும் நிறுவை குறைந்தால் அரைப்பேர். இதையெல்லாம் விழிப்புணர்வு என்ற ஒரு சொல்லால் மூடிவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

தோல்விக்கு அடிப்படைக் காரணம் வேறு. குழுவின் பெயர் 'கிராமிய சிறுவர் அபிவிருத்திக் குழு'. தோட்டம் கிராமம் அல்ல. கம்பனி நிலம். லயத்து வாசலில் ஒரு கொட்டகை போடவும் துரையின் அனுமதி வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிட முடியாமல் வைத்திருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ஹட்டனும் மஸ்கெலியாவும் நோர்வூட்டும் அப்போது அடங்கியிருந்த அம்பகமுவப் பிரதேச செயலகப் பிரிவில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். அவ்வளவு பேருக்கும் அன்று ஒரே பிரதேச செயலகம். வேறு மாவட்டங்களில் இருபதினாயிரம் பேருக்கு ஒரு செயலகம் இருக்கையில், இங்கே ஒரு சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் எத்தனை மலை ஏறியிருப்பார்? அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஏறித்தான் என்ன பேசியிருப்பார்?

தோட்டத்தில் பிள்ளைகளுக்கென்று தவறாமல் இயங்கும் நிறுவனம் ஒன்றே ஒன்று. பிள்ளைக் காம்பரா. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. தலைமுறைகள் கடந்தும் அது இயங்குவதற்குக் காரணம் எளியது. அது பூட்டிக் கிடந்தால் தாய் மலைக்குப் போக முடியாது. தாய் போகாவிட்டால் கொழுந்து வராது. கொழுந்து வராவிட்டால் துரைக்கு மேலிடத்தில் ஏச்சு. பிள்ளையின் பாதுகாப்பில் தோட்டத்துக்கும் ஆதாயம் இருப்பதால் அங்கே பாதுகாப்பு இருக்கிறது. ஐந்து வயதோடு அந்த ஆதாயம் முடிந்துவிடும். பிறகு பாடசாலை. பதின்மூன்று பதினான்கு வயதில் பிள்ளை பாடசாலையை விட்டு நழுவினால் துரைக்கு நட்டமில்லை, தலைவருக்கு நட்டமில்லை, தரகருக்கு லாபம், கொழும்பு வீட்டுக்காரருக்கு லாபம், பட்டினி கிடக்கும் வீட்டுக்கும் மாதக் கடைசியில் ஒரு சிறு தொகை. நட்டம் பிள்ளைக்கு மட்டும். இந்தக் கணக்கைத் திருப்பாத குழு எதுவும் பலிக்காது என்பது என் வாதம்.

பிள்ளை நழுவுவதை முதலில் அறிகிறவன் ஆசிரியன். அறிவதற்குப் பயிற்சி தேவையில்லை. இடாப்பு இருக்கிறது. மூன்று நாள் வரவில்லை என்றால் காய்ச்சல். இரண்டு கிழமை என்றால் வேறு கதை. லயத்துக்குப் போய்க் கேட்பேன்.

"பிள்ளை எங்கம்மா? ரெண்டு கிழமையா ஸ்கூல் பக்கம் காணோமே."

"பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கு சேர், பதுளைப் பக்கம். அங்கேயே ஸ்கூல்ல சேத்துட்டாங்க."

"விடுகைப் பத்திரம் வாங்காம எப்படியம்மா சேர்த்தாங்க?"

அந்தத் தாய் பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்த்தாள்.

விடுகைப் பத்திரம் இல்லாமல் இன்னொரு பாடசாலையில் பிள்ளையைச் சேர்ப்பது இலகுவல்ல. ஆகவே இடாப்பிலிருந்து மறைந்து, விடுகைப் பத்திரமும் கேட்கப்படாத பிள்ளை, பெரும்பாலும் எந்தப் பாடசாலையிலும் இல்லை. எவ்வளவு எளிய அளவுகோல்! தரம் 7க்கும் 11க்கும் இடையில் மூன்று வருடத்தில் மறைந்த பெயர்கள் எத்தனை, அவற்றில் விடுகைப் பத்திரம் வாங்கியவை எத்தனை, மீதிப் பெயர்களைத் தேடி யார் போனார், எங்கே கண்டார் என்று கேட்டால் ஒரு தோட்டத்தின் சிறுவர் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று அரை நாளில் தெரிந்துவிடும். இதற்கு ஆலோசகர் தேவையில்லை. கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 1998இல் நடைமுறைக்கு வந்தபோதே பாடசாலை வரவுக் குழுக்கள் என்று ஒன்றைச் சொன்னார்கள். 2016இல் கட்டாயக் கல்வி வயதெல்லை 14இலிருந்து 16 ஆகியது. சட்டம் குறைவில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம். 24 மணி நேரமும் 1929 என்ற தொலைபேசி இலக்கம். எங்கள் பாடசாலைச் சுவரிலும் அது ஒட்டப்பட்டிருக்கிறது. வேலை செய்யும் வீட்டுச் சமையலறையில் அது ஒட்டப்படுவதில்லை.

பையன்கள் விஷயத்தையும் மறைக்க வேண்டாம். புறக்கோட்டைக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் எங்கள் பையன்கள் போகிறார்கள். முதலாளிமாரில் நம்மவர்களும் உண்டு. பெருநாளைக்குப் புதுச் சேர்ட் எடுத்துக் கொடுத்து 'என் பிள்ளை மாதிரி' என்பார்கள். தன் பிள்ளையைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பிக் கடை கூட்டச் சொல்கிறவர் எவரும் எனக்குத் தெரிய இல்லை.

அரசாங்கம் 2016இல் நடத்திய சிறுவர் செயற்பாட்டு ஆய்வு, நாட்டில் சிறுவர் தொழிலாளர் 43,714 பேர் என்றது. வீடு வீடாகச் சென்று வீட்டுக்காரரைக் கேட்டு எடுக்கும் கணக்கு இது. வீட்டில் வேலைக்கு வைத்திருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி வாசலில் வந்து கேட்பவரிடம் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? 'எங்கட சொந்தக்காரப் பிள்ளை' என்பார். லயத்தில் கேட்டால் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். இரண்டு கதவிலும் ஒரே பொய். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை காணாமற் போகிறாள்.

2009 ஆகஸ்ட் மாதம் மஸ்கெலியாப் பகுதித் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன இரண்டு சிறுமிகளின் உடல்கள் கால்வாய் ஒன்றில் கிடந்தன. மலையகம் கொதித்தது. ஊர்வலம், கண்டனம், அறிக்கை. பின்னர் குழுக்கள், செயலமர்வுகள், சுவரொட்டிகள். பன்னிரண்டு வருடம் கழித்து, அக்கரப்பத்தனைக்கு அப்பாலுள்ள டயகமவிலிருந்து அதே பாதையில் இன்னொரு பிள்ளை. 2021 ஜூலை 3ஆம் திகதி தீக்காயங்களோடு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். 15ஆம் திகதி இறந்தாள். புதைத்த உடலைத் தோண்டி எடுத்து மீண்டும் பரிசோதித்தார்கள். வயது 16.

அந்த வீடு நம் சமூகத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருடையது. பெயரை எழுதவில்லை, எல்லோரும் அறிவோம். குற்றம் எது, யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதில் தலையிட நான் வரவில்லை. அந்த ஜூலையில் நாம் என்ன பேசினோம் என்பதுதான் என் வழக்கு.

ஏழு மாதம் முந்தி, 2020 டிசம்பரில், கொரோனா என்று சொல்லி 20 நாள் சிசுவை எரித்தபோது பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்கள் நாம். நம்மோடு சேர்ந்து பிற சமூகத்தவர்களும் கட்டினார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. அந்த அரசியல்வாதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஏற்கனவே உள்ளே இருந்தார். ஆகவே இது முஸ்லிம்கள் மீதான இன்னொரு தாக்குதல் என்று நம்மவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. நியாயமும் கொஞ்சம் இருந்தது. அவளுடைய மரணத்தை வைத்து இனவாதம் பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் அதன் பெயரால் நாம் என்ன செய்தோம்? பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு, வேலைக்கு வந்த நாளில் பதினாறுக்கு எத்தனை நாள் குறைவு என்று விரல் மடித்தோம். தாய் தகப்பனைக் குற்றம் சொன்னோம். தரகரைக் குற்றம் சொன்னோம். வேறு எந்த வீட்டில் இல்லை என்று கேட்டோம். கடைசிக் கேள்வி சரியான கேள்வி. அதை நியாயமாகச் சொன்னோமே தவிர, விசாரணையாகக் கேட்கவில்லை. ஜும்ஆ முடிந்து வெளியே நிற்கையில் இதை நான் பேசப்போய், பழகிய நண்பர் ஒருவர், "மாஸ்டர், நீங்க யார் பக்கம்?" என்றார். அந்தக் கேள்வி இன்றும் என்னைச் சுடுகிறது. இறந்த பிள்ளையின் பக்கம் என்று ஒரு பக்கம் இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை.

இத்தனைக்கும், பிள்ளையின் வயதைத் திருத்தி வேலைக்கு அனுப்புவதன் முடிவு என்ன என்று இந்த நாட்டில் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. மூதூர் ரிஸானா நபீக் 1988இல் பிறந்தவள். கடவுச்சீட்டில் 1982 என்று எழுதி, 17 வயதுப் பிள்ளையை 23 வயதுப் பெண்ணாக்கி 2005 மே மாதம் சவூதிக்கு அனுப்பினார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுடைய தலை வெட்டப்பட்டது. எத்தனை கவிதை எழுதினோம்! ஒன்றைக் கவனித்தோமா? அவள் போன 2005 மே, சுனாமிக்கு ஐந்தாவது மாதம். கிழக்குக் கரை முழுக்க நிறுவனங்களின் கொடிகள். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பராமரிப்புக்கென்று அந்த வருடமே தனிச் சட்டம் வந்தது. சிறுவர் பாதுகாப்பு என்ற சொல் அந்தக் கரையில் அன்று ஒலித்ததுபோல் வேறெங்கும் ஒலித்திருக்காது. அத்தனை குழுக்களுக்கும் நடுவால் ஒரு பிள்ளை பொய் வயதோடு விமான நிலையம் வரை நடந்து போனாள். அவளுடைய தரகரைச் சபித்தோம். அவளை வேலைக்கு வைத்திருந்த வீட்டாரைச் சபித்தோம். டயகமப் பிள்ளைக்கு வந்தபோது அந்தச் சாபத்தை எங்கே ஒளித்துவைத்தோம்?

ஆகவே மதிப்பீடு செய்ய வருகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பணம் தீர்ந்து இரண்டு வருடம் கழித்து வாருங்கள். அப்போதும் அந்தக் குழு கூடுகிறதா, யாராவது அதனிடம் போகிறார்களா என்று பாருங்கள். மீட்கப்பட்டோர் இத்தனை பேர் என்று எழுதும்போது, மீண்டு வந்தவள் மீண்டும் வகுப்பில் உட்கார்ந்தாளா என்றும் எழுதுங்கள். இரண்டு வருடம் கொழும்பில் இருந்துவிட்டு வந்த ஒருத்தியை எங்கள் பாடசாலையில் அவளைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகளோடு உட்காரவைத்தோம். மூன்று கிழமைதான். அறிக்கையில் அவள் இன்றும் மீட்கப்பட்டவளாகவே இருப்பாள். இன்னொன்று, மலைக்கு ஏறுவதற்கு முன் கொழும்பிலேயே தொடங்குங்கள். பிள்ளை புறப்படும் இடத்தில் மட்டும் குழு அமைத்து, போய்ச் சேரும் இடத்தில் ஒன்றும் இல்லாமல் விடுவது, ஓட்டை வாளிக்கு மேலே நின்று தண்ணீர் ஊற்றுவதுதான்.

போய்ச் சேரும் இடத்துக்கு வந்தால், அங்கே நமக்குப் படிவமும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் சந்தாப் புத்தகம் இருக்கிறது. மஹல்லாவில் எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வெளிநாடு, யார் விவாகத்துக்கு இருக்கிறார்கள் என்று நிர்வாகிகளுக்கு விரல் நுனியில் இருக்கும். இந்த வீட்டில் வேலைக்கு நிற்கும் பிள்ளைக்கு என்ன வயது என்று ஒரு நிரலை அதில் சேர்க்க யார் தடுக்கிறார்கள்? ஸகாத் சேகரிக்க வாசலுக்கு வருகிறவர் அதையும் கேட்கலாமே. குத்பாவில் யதீமைப் பற்றி அழுகுரலில் பேசும் மௌலவிமார், தாய் தகப்பன் உயிரோடு இருந்தும் யதீமாக நிற்கும் இந்தப் பிள்ளையையும் ஒரு வெள்ளிக்கிழமை பேசட்டும். செல்வாக்குள்ள வீடுகளில் கேட்கத் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கம் எத்தனை வீட்டு வாசலில் வந்தது என்பதையே முதல் மதிப்பீடாகக் குறித்துக்கொள்ளலாம்.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. நம் சிறுகதைகளில் வீட்டு வேலைக்காரப் பிள்ளை வருகிறாள். தேநீர் கொண்டு வருவாள், ஏச்சு வாங்குவாள், சில கதைகளில் நல்லெண்ணம் கொண்ட எசமானியிடம் எழுத்துப் படிப்பாள். அவளுக்குத் தோட்டத்தில் ஒரு வகுப்பறை இருந்தது, அதில் ஓர் இடாப்பு இருந்தது, அந்த இடாப்பில் ஒரு நாள் அவள் பெயர் மீது கோடு விழுந்தது என்று எழுதிய கதையை நான் இன்னும் படிக்கவில்லை.

இந்தத் தவணை என் வகுப்பில் நாற்பத்தொரு பெயர். சென்ற தவணை நாற்பத்து நான்கு. ஒருத்தி விடுகைப் பத்திரம் வாங்கிப் போனாள். தகப்பனுக்குக் கண்டியில் வேலை. மற்ற இருவரின் பெயரை நான் இன்னும் வெட்டவில்லை. அடுத்து வருகிறவர்கள் குழுவின் கூட்ட அறிக்கையைக் கேட்பதற்கு முன் அந்த இடாப்பைக் கேட்கட்டும். அலுமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.